மானாவாரி மக்காச்சோளம்: மண் பரிசோதனையா, இலைப் பரிசோதனையா, வண்ண அட்டையா?

கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் எவ்வளவு உரம் என்று கேட்டால், அடியுரமாக ஒரு மூட்டை டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம்), மழை பெய்தால் ஒரு மூட்டை யூரியா என்பார்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 20 கிலோ சொச்சம். அது பயிருக்குத் தேவைதானா என்று பார்க்க மூன்று வழி இருக்கிறது.

மண் பரிசோதனையின் பலம், விதைக்கும் முன்பே முடிவு கையில் இருப்பது. மத்திய அரசுத் திட்டத்தில் 2015-இல் வந்த மண்வள அட்டையில் 12 விவரம் உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தில் மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, அதாவது 25 ஏக்கருக்கு ஒன்று. உங்கள் பெயர் போட்ட அட்டையில் பக்கத்துப் புஞ்சை மண் இருக்கலாம். நாமே மண் எடுத்துக் கொடுப்பது மேல். அப்போதும், சுண்ணாம்புக் கரிசலில் இருக்கிற துத்தநாகம் எல்லாம் வேருக்குக் கிடைத்துவிடாது.

கிடைத்ததா என்று இலைதான் சொல்லும். கதிரின் நுனியில் பட்டு நூல் வெளிவரும்போது கதிரை ஒட்டிய இலையை 15, 20 செடியில் எடுத்து, காகித உறையில் போட்டு (பாலிதீனில் போட்டால் அழுகிவிடும்) ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். துத்தநாகம் 20 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழே என்றால் பற்றாக்குறை. சரி, ஆனால் அதற்குள் 55 நாள் ஓடிவிடும், முடிவு வந்து யூரியா போட மழை காத்திருக்காது. அதைவிடப் பெரிய வில்லங்கம் வறட்சி: வளர்ச்சி நின்ற செடியில் சத்து அடர்ந்து கிடக்கும், ஆய்வறிக்கை 'போதுமானது' என்று சொல்லும், நிலத்திலோ பஞ்சம். ஈரமில்லாத மண்ணிலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) உறிஞ்ச முடியாமல் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அதனால் நான் இதை ஒரே ஒரு வேலைக்குத்தான் வைத்துக்கொள்வேன்: குருத்திலைகளின் அடிப்பகுதியில் வெளிறிய பட்டை விழுந்த திட்டிலும், பக்கத்தில் நன்றாக இருக்கிற திட்டிலும், பயிரின் வயது பார்க்காமல் ஒரே நாளில் தனித்தனி மாதிரி. இரண்டையும் ஒப்பிட்டால் துத்தநாகமா இல்லையா என்று தெரிந்துவிடும், அந்தப் பருவத்திலேயே 0.5 சத துத்தநாக சல்பேட் கரைசல் தெளிக்கலாம்.

இலை வண்ண அட்டை என்பது பச்சை நிறச் சாயல்களை வரிசையாகக் காட்டும் அட்டை, அதற்கு ஆய்வகமே வேண்டாம். முழுதாக விரிந்த மேல் இலையை, பறிக்காமல், நம் உடம்பு நிழலில் வைத்து, அட்டையோடு ஒப்பிட்டு, பத்துச் செடியில் பார்க்க வேண்டும். பரிந்துரைத்த சாயலைவிட ஆறு செடி வெளிறியிருந்தால் யூரியா. தழைச்சத்தைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது, தண்ணீர் தேங்கி மஞ்சளடித்தாலும் 'யூரியா போடு' என்றுதான் காட்டும்.

என் கணக்கு: அடியுரத்துக்கு மண், மேலுரத்துக்கு வண்ண அட்டை, அதுவும் நல்ல மழை பெய்து ஈரம் இருந்தால் மட்டும். திட்டுத் திட்டாகப் பயிர் கெட்டால்தான் இலையை ஆய்வகத்துக்கு அனுப்புவேன்.