எண்ணெய்ச் சட்டி இல்லாமல் மொறுமொறு மீன்: ஓடிஜியோடு மூன்று வருஷம்

2022 ஆவணியில் அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். டாக்டர் கொடுத்த சாப்பாட்டுத் தாளில் மீன் இருந்தது, மீன் வறுவல் இல்லை. குழம்பு வைக்கலாம், ஆவியில் வேக வைக்கலாம், எண்ணெயில் பொரிப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். அம்மா பட்டினப்பாக்கத்துக் கடல் காற்றில் வளர்ந்தவள். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "எண்ணெய் காட்டாம மீனை என்னடி பண்றது?" என்று கேட்டாள்.

அந்த மாதமே 28 லிட்டர் ஓடிஜி, அதாவது மேலும் கீழும் கம்பி சூடேறும் சின்ன மின்சார ஓவன் ஒன்று வாங்கினேன். கேக், பீட்ஸா எதுவும் என் மனதில் இல்லை. பிரெட் தூளில் புரட்டிய மீனை மொறுமொறுவென்று சுட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருஷமாக ஏறக்குறைய எல்லா ஞாயிறும் அதைத்தான் செய்து வருகிறேன்.

முதல் முறை செய்தது முழுக்க வீண். வஞ்சிரத் துண்டுகளில் வழக்கமான வறுவல் மசாலாவை, அதாவது மிளகாய்த் தூள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்துத் தடவி ஒரு மணி நேரம் ஊற வைத்தேன். முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, தட்டில் அலுமினியத் தாள் விரித்து அடுக்கி, 180 டிகிரியில் 25 நிமிஷம் வைத்தேன். மேல் பக்கம் மணல் தூவியது போல வெளிறிக் கிடந்தது. அடிப் பக்கம் நனைந்த ரொட்டி. நடுவில் மீன் காய்ந்து சக்கையாகியிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டு துண்டு சாப்பிட்டாள். அவள் குறை சொல்லியிருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

தப்பு எங்கே என்று புரிய நாலைந்து ஞாயிறு ஆயிற்று. காய்ந்த எண்ணெயில் மீனைப் போட்டால் நாலாபுறமும் எண்ணெய் தொடுகிறது. மேலே இருக்கிற ஈரம் அந்த நொடியே ஆவியாகிச் சடசடவென்று வெளியே போகிறது. சில நிமிஷத்தில் மேலே சிவந்துவிடும், உள்ளேயும் வெந்துவிடும். சூடான காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. அதே 180 டிகிரி என்றாலும் காற்று சூட்டை மெல்லத்தான் கொடுக்கும். பிரெட் தூள் சிவக்க வேண்டுமானால் முதலில் அதன் ஈரம் போக வேண்டும், பிறகு அது 140 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். மீனுக்கோ நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட்டால் போதும், வெந்தாயிற்று. தூள் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் மீன் காய்ந்து போகும். மீன் பதமாக இருக்கும்போது எடுத்தால் தூள் வெளிறியே இருக்கும்.

சரி, அப்படியானால் தூளை முன்னாலேயே சிவக்க வைத்துவிட வேண்டியதுதானே? இந்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றையும் சரி செய்தது. கடையில் உறைந்த பாக்கெட்டாக வரும் ஃபிஷ் ஃபிங்கர் அடுப்பில் வைத்ததும் எப்படி மொறுமொறுப்பாகிறது என்று அதுவரை யோசித்ததே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே ஒரு முறை எண்ணெயில் போட்டு எடுத்து உறைய வைத்தவை. பாக்கெட்டின் பின்னால் எண்ணெயும் பட்டியலில் இருக்கும், பாருங்கள். அந்த வேலையை நான் கொஞ்சமே கொஞ்சம் எண்ணெயில் கடாயில் செய்கிறேன்.

தூளைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசுவேன், அவ்வளவு சோதித்துப் பார்த்திருக்கிறேன். கட்லெட்டுக்கு நம் வீடுகளில் போடுகிற ரஸ்க் தூள் இதற்கு ஆகவில்லை. ரஸ்கில் சர்க்கரை இருப்பதால் சட்டென்று கருகுகிறது, நைசாக இருப்பதால் அப்பிக்கொண்டு கெட்டிப் பூச்சாகிவிடுகிறது. ரவை தவாவில் அருமை, எண்ணெய் குறைந்த ஓவனில் பல்லில் நறநறக்கிறது. கார்ன்ஃபிளேக்ஸை நொறுக்கிப் போட்டால் நல்ல மொறுமொறுப்பு வரும், என் பையனுக்குப் பிடிக்கும். ஆனால் அதன் இனிப்பு மீனோடு எனக்கு ஒட்டவில்லை. ஜப்பான்காரர்களின் பாங்கோ தூள் தனி ரகம். மாவுக்குள் மின்சாரம் பாய்ச்சி வேக வைப்பதால் அந்த பிரெட்டில் மேல் பொறுக்கே உருவாவதில்லை. துருவினால் சீவல் சீவலாக வரும், சீவல்களுக்கு நடுவே காற்றோட்டம் இருக்கும். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாராவாரம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை.

கடைசியில் தெருமுனை பேக்கரியின் சால்ட் பிரெட்டுக்கே வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் பழசாக இருந்தால் நல்லது. ஆறு ஸ்லைஸின் ஓரத்தை வெட்டிவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு நாலே சுற்று. புட்டு மாவை விடக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். ஃபேனுக்கடியில் ஒரு மணி நேரம் பரப்பி வைத்து, பிறகு கடாயில் ஒன்றரை மேஜைக்கரண்டி கடலெண்ணெய் விட்டு, மிதமான தீயில் ஐந்தாறு நிமிஷம் கைவிடாமல் கிளற வேண்டும். பொன்னிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே இறக்கிவிடுங்கள், ஓவனில் இன்னும் கொஞ்சம் சிவக்கும். எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து எண்ணெய் இவ்வளவுதான், சுமார் 22 மில்லி. அதிலும் ஒரு பங்கு தட்டிலேயே உதிர்ந்துவிடுகிறது. இந்த அளவை டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் தொடர்ந்தேன்.

அடுத்த விஷயம் ஈரம். அரை கிலோ மீனுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு தடவிக் கால் மணி நேரம் வைத்தால் மேலே தண்ணீர் துளிர்த்து நிற்கும். அதைப் பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்துவிடுவேன். இந்தக் கால் மணி நேரத்தைச் சோம்பல்பட்டு விட்ட நாளெல்லாம் அடிப்பக்கம் குழைந்திருக்கிறது. இஞ்சி பூண்டு விழுதும் எலுமிச்சையும் இதில் கிடையாது. இரண்டும் தண்ணீர். எலுமிச்சை சாப்பிடும்போதுதான். காரம் எங்கே சேர்ப்பது என்பதிலும் ஒரு முறை சூடு பட்டேன். பிரெட் தூளில் மிளகாய்த் தூளைக் கலந்தேன், 220 டிகிரியில் அது கருகிக் கசந்தது. இப்போது மிளகுத் தூள், காஷ்மீரி மிளகாய்த் தூள், துளி மஞ்சள், பூண்டுப் பொடி எல்லாம் முதல் பூச்சான மாவுக்குள்ளே போய்விடும். மைதா இரண்டு கரண்டி, அரிசி மாவு ஒரு கரண்டி. மாவில் புரட்டி நன்றாக உதறி, அடித்த முட்டையில் தோய்த்து, கடைசியாகத் தூளில் வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். முட்டையில் ஒரு ஸ்பூன் கெட்டித் தயிர் சேர்த்து அடித்தால் தூள் உதிராமல் பிடிக்கிறது. மாவுக்கு ஒரு கை, முட்டைக்கு ஒரு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் விரல்களும் பஜ்ஜியாகிவிடும்.

தட்டில் நேராக வைக்கவே கூடாது. கேக் ஆற வைக்கும் கம்பி வலையைத் தட்டின் மேல் வைத்து, அதன் மேல் இடைவெளி விட்டு மீன். அடியிலும் காற்று போக வேண்டும், மீன் விடுகிற ஆவி கீழேயும் வெளியேற வேண்டும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரிய, 220 டிகிரியில் கால் மணி நேரம் முன்சூடு. நடுத்தட்டில் 10 முதல் 12 நிமிஷம். ஒரு விரல் தடிமன் துண்டுக்கு இந்தக் கணக்கு சரியாக வருகிறது. திருப்பிப் போட வேண்டியதே இல்லை.

எந்த மீன்? நான் சென்னை மெரினா லூப் ரோடு மீன் அங்காடியில் வாங்குகிறேன். அங்கே வெட்டித் தரும் அக்கா இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும், "தவாவுக்கா, ஃபிங்கருக்காம்மா?" என்று கேட்டுவிடுவார். வஞ்சிரத்தின் மேல் எனக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும் இதற்கு அது இரண்டாம் பட்சம்தான். மெல்லிய துண்டாக இருந்தால் ஒரு நிமிஷம் கூடினாலும் வறண்டு போகிறது. என் தேர்வு கொடுவா. சதை வெள்ளையாக, தடிமனாக, இதழ் இதழாகப் பிரியும். கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாதபோது பண்ணைக் கொடுவா கை கொடுக்கிறது. முட்டுக்காட்டு மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1997-லேயே கொடுவாவைச் செயற்கை முறையில் முட்டையிட வைத்துவிட்டார்கள் என்று படித்தபோது, என் ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்களும் ஒரு காரணம் என்று நினைத்துக்கொண்டேன். சங்கரா நன்றாக வரும், முள் எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். சீலாவும் பரவாயில்லை. கிழங்கானின் ருசிக்கு ஈடு கிடையாது, ஆனால் பூச்சுக்குள் முள் தேடுவது வயதானவர்களுக்குச் சிரமம். மத்தி எனக்கு உயிர், இருந்தாலும் ஓவனில் வைத்தால் மூன்று நாள் வாசம் போகாது. உறைந்த பாசா மீன் துண்டுகளைத் தவிர்க்கிறேன். அந்த மாதிரித் துண்டுகள் நீரைப் பிடித்துக்கொள்ளச் சில இடங்களில் பாஸ்பேட் கரைசலில் போட்டு எடுப்பதுண்டு. சூடு பட்டதும் அவ்வளவு தண்ணீரும் வெளியே வந்து, கீழ்ப்பூச்சைக் கஞ்சியாக்கிவிடுகிறது.

இனி ஓடிஜியைப் பற்றி. 220-இல் வைத்தால் உள்ளே உண்மையில் 190-தான். தனியாக ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே தொங்கவிட்ட பிறகுதான் இது தெரிந்தது. அது வரை என் கைப்பக்குவத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். ஓடிஜி வைத்திருக்கிற யாரும் முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுதான் என்பேன். வலது பின் மூலையில் சூடு அதிகம், தடிமனான துண்டுகளை அங்கே வைக்கிறேன். சித்திரை, வைகாசி சாயங்காலங்களில் தெரு முழுக்க ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும்போது முன்சூடுக்கே 20 நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால் கோடையில் மதியத்துக்குள் முடித்துவிடுகிறேன். இன்னொன்று, தயவுசெய்து 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் போடுங்கள். முதல் மாதம் மிக்ஸி போடுகிற சின்ன பிளக்கில் அடாப்டர் வைத்துப் போட்டேன், சுவர் தொட்டால் சுட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன் இழுத்துக்கொண்டேன். 1500 வாட்ஸ் சாதனம், முன்சூடோடு சேர்த்து அரை மணி நேரம் ஓடினாலும் முக்கால் யூனிட்டுக்கு மேல் போகாது.

இரண்டாம் வருஷம் கீழ்க் கம்பி ஒன்று எரிந்து போனது. சர்வீஸ் சென்டரில் மூன்று வாரம் இழுத்தடித்தார்கள், இரண்டு முறை தவறான பாகத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த மூன்று வாரமும் அம்மாவுக்குக் குழம்பு மீன்தான். கம்பி மாற்றிய பிறகு இன்று வரை தொந்தரவு இல்லை. உள்விளக்கு போய் ஒரு வருஷமாகிறது, கண்டுகொள்ளவில்லை. கவுச்சிக்கு ஒரு வழி: மீன் எடுத்ததும், சூடு அடங்குவதற்குள் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வினிகரும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். அரை மணி கழித்துத் துடைத்தால் ஒட்டிய எண்ணெயும் இளகி வந்துவிடும்.

ஏர் ஃப்ரையர் வாங்கியிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். கோயம்புத்தூரில் தங்கை வீட்டில் அதில் செய்து பார்த்தேன். சின்ன இடத்தில் ஃபேன் வேகமாகச் சுழல்வதால் சீக்கிரம் ஆகிறது, மொறுமொறுப்பும் ஒரு படி மேல்தான். இரண்டு பேர் உள்ள வீடு என்றால் அதையே வாங்குங்கள். நாலு பேருக்கு இரண்டு மூன்று ஈடு போட வேண்டும், எங்களுக்கு அது சரிப்படவில்லை.

மீந்ததை மைக்ரோவேவில் வைத்தால் தொழதொழவென்று ஆகிவிடும். 200 டிகிரியில் ஐந்து நிமிஷம் கம்பி வலையில் வைத்தால் பழைய பதம் பெரும்பாலும் திரும்புகிறது. தூளில் புரட்டிய துண்டுகளைத் தட்டில் தனித்தனியாக உறைய வைத்து, பிறகு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் வார நாளில் அப்படியே எடுத்து, பனி உருகக் காத்திராமல் 200 டிகிரியில் 18 முதல் 20 நிமிஷம் சுடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நான் வைப்பதில்லை.

எண்ணெயில் பொரித்த வஞ்சிரத்தின் ருசி இதில் வருமா என்றால், வராது. அந்த மசாலா எண்ணெயில் கருகி ஒட்டிக்கொள்ளும் வாசம் இதற்குக் கிடையாது, ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். இதை வேறு பலகாரமாக நினைத்துச் சாப்பிட வேண்டும். வெளியே மொறுக்கென்று உடைந்து, உள்ளே கொடுவா ஈரத்தோடு இதழ் பிரிகிறபோது தொட்டுக்கொள்ளப் புதினாச் சட்னியும் இருந்தால் எனக்கு வேறு எதுவும் தோன்றுவதில்லை. மிளகு ரசம் சாதத்துக்கும் நன்றாகச் சேரும்.

ஆனால் அந்த மொறுமொறுப்புக்கு ஆயுள் பத்து நிமிஷம்தான். கடாயில் பொரித்தது அரை மணி தாங்கும், இது தாங்காது. அதனால் எங்கள் வீட்டில் மீன் வெளியே வருவதற்கு முன்னாலேயே எல்லாரும் உட்கார்ந்துவிட வேண்டும் என்று வழக்கம் ஆகிவிட்டது. டைமரின் டிங் சத்தத்துக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கும்போதே அம்மா எலுமிச்சைத் துண்டைத் தட்டோரம் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.