விலங்குப் பண்ணை: புத்தகமா, 1954 படமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகளுக்குப் போன பள்ளி விடுமுறையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யைப் படமாகப் போடுவதா, வாசித்துக் காட்டுவதா என்று இழுபறி. கடைசியில் இரண்டையும் செய்தோம். முதலாளியை விரட்டிவிட்டு விலங்குகள் தாங்களே பண்ணையை நடத்த, பன்றிகள் மெல்ல மெல்லப் புது முதலாளிகளாகிற கதை, சோவியத் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் குத்திக்காட்டுவது.

படம் சுலபம். ஹலாஸ், பேட்செலர் தம்பதி எடுத்த கார்ட்டூன், ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை, ஆங்கிலம் தடுமாறுகிற பையனுக்கும் கதை புரிந்துவிடுகிறது. உழைத்து உழைத்து ஓய்ந்த பாக்ஸர் குதிரையை அடிமாட்டு வண்டியில் ஏற்றும்போது ஹால் கப்சிப். அந்த இடத்தில் படம்தான் ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன்.

புத்தகத்தில் அநியாயம் சத்தமில்லாமல் நுழையும். முதலாளி ஜோன்ஸை விரட்டியதும் ஐந்து வாளி பால் கறந்து வைக்கிறார்கள், வயல் வேலை முடிந்து வந்து பார்த்தால் பால் இல்லை. இதை நான் வாசித்தபோது, முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தாத்தா, இது மாட்டுப் பால் என்பதையே கவனிக்காமல், "எடை போடற எடத்துலதான் காணாம போயிருக்கும், கிராணியக் கேளு" என்றார் (கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்). அப்புறம் பன்றிகள் தரும் விளக்கத்தையும் கேட்டார்: பால் எங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது, மூளை வேலைக்காகத்தான் குடிக்கிறோம், நாங்கள் சோர்ந்துபோனால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான். தாத்தா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பெரிய வித்தியாசம் முடிவில். 1945-இல் வந்த புத்தகத்தில் பன்றிகளும் மனித முதலாளிகளும் ஒரே மேசையில் சீட்டாடுகிறார்கள், சன்னல் வழியே பார்க்கிற விலங்குகளுக்கு எந்த முகம் யாருடையது என்று தெரியவில்லை, அதோடு சரி. படத்தில் அந்த விருந்துக்கு மனிதர்களே கிடையாது, வெளிப்பண்ணைப் பன்றிகள்தான், பிறகு கழுதை பெஞ்சமின் முன்னே போக விலங்குகள் மறுபடி கிளர்ந்தெழுகின்றன. படத்துக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தது அமெரிக்காவின் உளவு அமைப்பான சிஐஏ என்பது பிற்பாடு வெளியே வந்தது. ஆக, பன்றி மாட்டிக்கொண்டது, துரைமார் தப்பித்துவிட்டார்கள். 1948-இல் ஆங்கிலேய அரசுக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கும் சண்டை மூண்டு அவசரகாலம் வெடித்த இந்த ஊரில், கம்யூனிஸ்ட்டுக்கும் தோட்டத் துரைக்கும் நடுவில் நசுங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பாதிக்கதையை மட்டும் எப்படிக் காட்டுவது?

1999-இல் தொலைக்காட்சிக்கு எடுத்தது இன்னும் மோசம், கடைசியில் புது மனித முதலாளி காரில் வந்து இறங்குகிறார், எல்லாருக்கும் நிம்மதியாம்.

அடுத்த விடுமுறைக்கு பாக்ஸர் போகிற காட்சி வரைக்கும் படம், அங்கேயே நிறுத்திவிட்டுக் கடைசி அத்தியாயத்தைப் புத்தகத்திலிருந்து வாசிக்கப் போகிறேன். தாத்தாவுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி.