“மிலிட்டரி மெடிக்கலை நான் பார்த்துக்கிறேன்” என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்

வேலூர் பக்கத்தில் மிலிட்டரி ஆசையைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உள்ள மாவட்டம் இது. என் தம்பிக்கும் எட்டாவது படிக்கும்போதே அந்த ஆசை வந்துவிட்டது.

2020-ல் அப்பா இறந்தார். தம்பி அப்போது பிளஸ் ஒன். தூக்கம் போய், சாப்பாடு குறைந்து, மூன்று மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். டிப்ரஷன் என்றார்கள். எஸ்ஸிடலோபிராம் மாத்திரை எட்டு மாதம் சாப்பிட்டான். 2021-ல் டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். அதன் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை.

2022 ஜூனில், நாலு வருடத்துக்கு ராணுவத்தில் ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தின் அறிவிப்பு வந்ததும் ஒரு பயிற்சி அகாடமியில் சேர்த்தோம். முன்னாள் ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் நடத்துவது. பையன்கள் மாஸ்டர் என்பார்கள். பெயரும் ஊரும் போடவில்லை, போலீஸில் புகார் நிலுவையில் இருக்கிறது. பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். 1.6 கிலோமீட்டரை ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தவன் 5 நிமிடம் 24 விநாடிக்கு வந்தான். அப்போது 5.30-க்குள் ஓடினால் முழுசாக 60 மார்க், பீமில் தொங்கிப் பத்து புல்-அப் எடுத்தால் 40. இரண்டும் அவனுக்குக் கைவந்தது.

அம்மாதான் வெகுளியாக வாயை விட்டார். “பையன் நடுவுல மனசு சரியில்லாம மாத்திரை சாப்பிட்டான் சார், ஓட்டத்துல ஒண்ணும் ஆகாதே?”

மாஸ்டர் உடனே சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏம்மா, இதெல்லாம் ஒரு வியாதியா? காய்ச்சல் மாதிரி வந்துச்சு, போச்சு. ஆனா மெடிக்கல்ல தெரிஞ்சா தூக்கிடுவாங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஆதார் குடுத்தீங்கள்ல? அது மிலிட்டரி கம்ப்யூட்டர்ல வந்து நிக்கும். அதை எடுக்க ஆள் இருக்கு.”

ஒரு லட்சத்து இருபதாயிரம். பாதி இப்போது, மீதி ஆர்டர் கையில் வந்த பிறகு. அம்மாவின் செயினை அடகு வைத்தோம். 45,000 ரொக்கம், 15,000 ஜிபே. அந்தப் பதினைந்தாயிரத்துக்கும் குறிப்பில் ‘ஃபீஸ்’ என்று போடச் சொன்னார். ஏன் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. 2023 தேர்வுக்கு ராணுவம் வாங்கிய கட்டணம் 250 ரூபாய்தான்.

அடுத்த நாள் தம்பியின் ஓ.பி. நோட்டைக் கேட்டார். பழுப்பு அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. கடைசிப் பக்கத்தில் டாக்டர் மாத்திரையை நிறுத்திய தேதியையும், ‘நன்றாக இருக்கிறார், தேவைப்பட்டால் மட்டும் வரவும்’ என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே மாஸ்டர் அதை நான்காகக் கிழித்தார், கடைக்காரரின் அடுப்பில் போட்டார். “அவ்ளோதாம்மா, ரெக்கார்ட் க்ளோஸ்” என்று கையைத் தட்டிக்கொண்டார். எங்களுக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

2023-ல் தம்பி ஆன்லைன் தேர்வில் தேறினான், ஆள்சேர்ப்பு ராலியில் ஓட்டத்தில் தேறினான். அப்புறம் மெடிக்கல், அதாவது உடல் பரிசோதனை. பழைய நோய்களைப் பற்றிக் கேட்கும் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘நோ’ போட வேண்டும் என்று மாஸ்டர் ஒரு வாரம் பாடம் நடத்தியிருந்தார். தம்பி பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கை நடுங்கியதைப் பார்த்து டாக்டர், “என்னப்பா?” என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அந்த டாக்டர் திட்டவில்லை. தகுதியில்லை என்று எழுதினார், ராணுவ மருத்துவமனையில் ஸ்பெஷலிஸ்டிடம் மறுபரிசோதனைக்குப் போகலாம், சிகிச்சைக் காகிதங்களைக் கொண்டு போ என்றார். எந்தக் காகிதம்? அது டீக்கடை அடுப்பில் போனது.

அரசு மருத்துவமனைக்கு ஓடினேன். ரெக்கார்ட் அறையில் பழைய பதிவைத் தேட நாளாகும் என்றார்கள். கெடுவோ சில நாள்தான். பழைய மருந்துக்கடை பில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அங்கேயும் தகுதியில்லை என்றே வந்தது. நோட்டு இருந்திருந்தால் எடுத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மனநோய் வந்த வரலாறே ராணுவ மருத்துவ விதிகளில் தடைதான், முடிவு அவர்கள் கையில். ஆனால் தனக்குச் சரியாகிவிட்டது என்று காட்ட அவனிடம் இருந்த ஒரே சாட்சியை, காசு கொடுத்து நாங்களே எரித்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது மாஸ்டர் சொன்னது: “உன் தம்பி வாயைத் தொறந்தான், நான் என்ன பண்ண முடியும்?”

பிறகுதான் மற்ற பையன்களின் வீடுகளில் விசாரித்தேன். பார்வை, தட்டைப் பாதம், காது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிப் பதினொரு வீட்டில் வாங்கியிருக்கிறார். நாலு பேர் தேறினார்கள், தங்கள் உடம்பால்தான். அந்த நாலு பேரின் பணம் ‘நான் முடிச்சுக் குடுத்தேன்’ கணக்கில் போய்விடும். மீதி ஏழு பேரில் சத்தம் போடுபவருக்கு மட்டும் கொஞ்சம் திரும்பும். அவருக்கு உள்ளே ஒரு ஆளும் கிடையாது. பையன் தேறினாலும் தோற்றாலும் அவருக்கு நஷ்டம் இல்லாத வியாபாரம்.

கம்ப்யூட்டர் கதையும் பொய். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, சட்டம் சொல்லும் சில சூழல்களைத் தவிர, நோயாளியின் சம்மதமில்லாமல் சிகிச்சை விவரத்தை மருத்துவமனை வெளியே கொடுக்கக் கூடாது. தன் பதிவைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்கு உண்டு, 25-ஆம் பிரிவு. இரண்டு மாதம் கழித்து அப்படித்தான் தம்பியின் பதிவு நகல் கிடைத்தது. இப்போது பீரோவில் இருக்கிறது.

மாஸ்டர் சொன்னபடி ‘நோ’ போட்டு உள்ளே போயிருந்தால்? ராணுவச் சட்டம் 1950-ன் 44-ஆம் பிரிவை ஒரு வக்கீல் படித்துக் காட்டினார். சேரும்போது தெரிந்தே பொய்யான பதில் சொன்னது பின்னால் தெரியவந்தால் கோர்ட் மார்ஷல், ஐந்து வருடம் வரை சிறை. அதில் மாட்டுவது பையன், மாஸ்டர் இல்லை. பொய்யை மனதில் வைத்துக்கொண்டு, திரும்பத் தூக்கம் கெட்டால்கூட டாக்டரிடம் போகப் பயந்து நாலு வருடம் அவன் எப்படி இருந்திருப்பான் என்று நினைத்தால் எனக்கு அதைவிடப் பயமாக இருக்கிறது.

புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் இருக்கிறது. ரொக்கத்துக்குச் சாட்சி இல்லை, ஜிபே பணத்தைப் பயிற்சிக் கட்டணம் என்கிறார். தம்பி இப்போது ஐ.டி.ஐ. போகிறான். காலையில் ஓடுவதை மட்டும் விடவில்லை.

ராலி ஓட்டத்தில் தேறிய அன்றே மாஸ்டர் அகாடமி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார். ‘எங்கள் சாதனை வீரர்கள்’ என்று மூன்று வரிசைப் படங்கள். அதில் இரண்டாவது வரிசையில் தம்பி சிரித்துக்கொண்டிருக்கிறான். எடுக்கச் சொல்லி இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, அதைப் பார்த்துப் புதுப் பையன்கள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.