வேகத்துக்கு மார்க் போடக் கற்றுத்தரும் பயிற்சி: போகலாமா?

மொரீஷியஸில் டி-சர்ட் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்) வேலை, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அளந்து டார்கெட் போடுவது. திருப்பூரில் எட்டு வருடம் ஸ்டாப்வாட்ச் பிடித்துவிட்டு இங்கே வந்தவன். போன மாதம் எங்கள் கம்பெனி வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து, ரேட்டிங்குக்கு என்றே இரண்டு நாள் வகுப்பு வைத்தது. குறையும் சொல்லப்போகிறேன், அதனால் நடத்தியவர் பெயர் வேண்டாம்.

ரேட்டிங் தெரியாதவர்களுக்காக: ஒரு வேலை எத்தனை நொடியில் முடிந்தது என்று வாட்ச் சொல்லும், செய்தவர் நிதானமாகச் செய்தாரா விரட்டிச் செய்தாரா என்று சொல்லாது. அதை நாம் கண்ணால் பார்த்து 80, 100, 110 என்று மார்க் போட வேண்டும். பார்த்த நேரத்தை மார்க்கால் பெருக்கி 100ஆல் வகுத்து, ஓய்வுக்கும் களைப்புக்கும் அலவன்ஸாகக் கொஞ்சம் நேரம் சேர்த்தால் எஸ்.ஏ.எம்., அதாவது ஒரு பீஸுக்கு அனுமதிக்கும் நிமிடம். கணக்கு எளிது, ஆனால் கழுத்து ரிப் வைக்க 0.60 நிமிடம் எடுத்த பெண்ணுக்கு 100 போட வேண்டிய இடத்தில் நான் 80 போட்டுவிட்டால், 15 சதவீத அலவன்ஸோடு 480 நிமிட ஷிப்டுக்கு டார்கெட் 695 பீஸிலிருந்து 869 ஆகிவிடும். 174 பீஸ் கூடுதல்! அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, தவறு என் கண்ணில்.

முதல் நாள் காலை அருமை. கட்டிங் மேஜைகளுக்கு நடுவே 20 மீட்டர் அளந்து டேப் ஒட்டி, பயிற்சியாளர் நடந்து காட்டினார், நாங்கள் மார்க் எழுதினோம். பிரிட்டிஷ் அளவுகோலில் 100 என்பது சமதரையில் சுமை இல்லாமல் மணிக்கு 6.4 கி.மீ. நடை, அதாவது அந்த 20 மீட்டரை 11 நொடி சொச்சத்தில் கடக்க வேண்டும். அவர் 15 நொடியில் நடந்ததற்கு எங்களில் பாதிப் பேர் 100 போட்டிருந்தோம், சரியான மார்க் 75. அப்புறம் சீட்டுக்கட்டு. 52 சீட்டையும் 0.375 நிமிடத்தில் பிரித்துப் போட்டால் 100. அதையும் பல வேகங்களில் போட்டுக் காட்டினார். முதலில் மார்க்கை எழுது, பிறகுதான் வாட்சைப் பார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எட்டு வருடமாக நான் வாட்சைப் பார்த்துவிட்டுத்தான் மார்க் போட்டிருக்கிறேன்.

மதியம் எங்கள் மார்க்கையெல்லாம் கிராபில் போட்டபோது என் கோடு படுத்துக் கிடந்தது. 70 வேகத்துக்கு 85, 130 வேகத்துக்கு 110. இதற்குப் பெயர் பிளாட் ரேட்டிங். மெதுவான கையை அளந்தால் டார்கெட் லேசாக வரும், வேகமான கையை அளந்தால் இறுக்கமாக வரும். நானோ எப்போதும் லைனில் வேகமானவர்களையே அளந்து வந்தவன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. திருப்பூரில் நான் போட்ட டார்கெட்டை எட்டமுடியாமல் திட்டு வாங்கிய முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

இரண்டாம் நாள் அவ்வளவு சரியில்லை. வெஸ்டிங்ஹவுஸ் முறை (திறமை, முயற்சி, சூழ்நிலை, சீர்மை என்று நான்காகப் பிரித்து மார்க் கூட்டுவது) தீர்வு என்றார், ஒரே வீடியோவுக்கு மூன்று பேர் மூன்று கூட்டுத்தொகை எழுதினோம், அதற்கு விளக்கம் வரவில்லை. வீடியோக்களும் பழையவை, பெட்டி அடுக்குவது, போல்ட் முடுக்குவது என்று. ஓவர்லாக்கில் (துணி ஓரம் தைக்கும் மெஷின்) பீஸை எடுத்து, ஓரம் சேர்த்து, மெஷினுக்கு ஊட்டும் கையை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் எங்களுக்கு வேண்டும்.

பெரிய குறை வேறு. வாட்சோடு பக்கத்தில் போய் நின்றால் தொழிலாளியின் கை மாறிவிடும், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் லைனில் உள்ளூர்ப் பெண்களோடு பங்களாதேஷ், மடகாஸ்கர், இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்களும் இருக்கிறார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியவர் பயத்தில் கையை விரட்டுவார், டார்கெட் ஏறிவிடும் என்று தெரிந்த பழைய ஆள் கையை இழுத்துப் பிடிப்பார். நாகப்பட்டினத்து அக்கா ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "தம்பி, நீங்க வந்து நின்னா எனக்கு நூல் கோக்கவே வராது. முதல்ல எதுக்கு எழுதுறீங்கன்னு சொல்லிட்டு எழுதுங்க." இந்த ஒரு வரி அந்த வகுப்பில் இருந்திருக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. (வரி இல்லை, ஜெனரல் சூயிங் டேட்டா என்ற தையல் நேரக் கணக்கு) மென்பொருள் இருக்கும்போது ரேட்டிங் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், எம்.டி.எம். என்ற அசைவு-நேர அட்டவணை முறையின் அடிப்படையில் கை அசைவுகளுக்கு நேரம் முன்பே குறித்திருப்பதால் அங்கே மார்க் போடும் வேலை இல்லை. ஆனால் அது வாங்காத கம்பெனிகளும் இருக்கின்றன, எங்களுடையது உட்பட.

என் மார்க்: முதல் நாளுக்கு ஐந்துக்கு ஐந்து, இரண்டாம் நாளுக்கு இரண்டு. அனுப்பலாமா என்று கேட்டால், அனுப்புங்கள், உங்கள் லைன் வீடியோவையே வைத்து நடத்தச் சொல்லி முன்கூட்டியே பேசிவிடுங்கள். நாங்கள் இப்போது தைப்பவர்களிடம் அனுமதி கேட்டு, ஆறு ஆபரேஷன்களை போனில் படம் பிடித்து வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலையில் அரைமணி நேரம் எல்லா ஐ.இ.யும் சேர்ந்து உட்கார்ந்து மார்க் போடுகிறோம், அந்த அக்காவும் கூட உட்கார்கிறார்.