மைக்ரோபிட்: மூன்று பலகை, முப்பத்திரண்டு பிள்ளைகள்

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) படிப்பிக்கிறேன். காலையில் மண்முனைப் பாலத்தால் போனால் பின்னேரம்தான் வீடு. கணினி அறையில் ஓடுகிற கணினி பதினொன்று. போன வருடம் கைக்காசில் மூன்று மைக்ரோபிட் வாங்கினேன்; பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகுகிற சின்னக் கணினிப் பலகை அது. சம்பளத்தில் மூன்றிலொரு பங்குக்குக் கிட்டப் போனது. தரம் 10 பிள்ளைகளின் கையில் ஒரு வருடம் அடிபட்ட பிறகு இதை எழுதுகிறேன்.

தீப்பெட்டியைவிடச் சற்றுத்தான் பெரிய பலகை. முகத்தில் ஐந்துக்கு ஐந்தாக 25 சின்னச் சிவப்பு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், கீழ் விளிம்பில் முதலைக் கவ்வி (பல்லுள்ள வயர் கிளிப்) பிடிக்கிற ஐந்து ஓட்டைகள். பிபிசி 2016இல் பிரித்தானியப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கவென்று செய்வித்த சாமான் இது. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒலிபெருக்கியும் மைக்கும் உண்டு. வாங்குவதென்றால் அதையே வாங்குங்கள்.

முதல் இரண்டு நாளும் கேபிளோடு போனது. பலகையை மட்டும் வாங்கியதால் கேபிள் வரவில்லை. வீட்டிலிருந்த பழைய போன் கேபிள்களைக் கொண்டுபோனேன். பலகையில் விளக்கு எரிகிறது, கணினிக்கோ அப்படியொன்று செருகியிருப்பதே தெரியவில்லை. விண்டோஸைத் திட்டித் தீர்த்த பிறகுதான் விளங்கியது, அந்தக் கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டும்தான், தரவு போகிற கம்பி உள்ளே இல்லை. சரியான கேபிள் போட்டதும் பென் டிரைவ் மாதிரி வந்து நின்றது. செய்த நிரலை அதற்குள் இழுத்துப் போட்டால் சரி, வேலை முடிந்தது. நிரல் செய்கிற மேக்கோட் இணையத்தளத்தை என் போன் ஹொட்ஸ்பொட்டில் ஒருமுறை திறந்துவிட்டால் அப்புறம் இணையம் இல்லாமலும் பெரும்பாலும் ஓடுகிறது. திரையிலேயே ஒரு பொம்மைப் பலகை இருப்பதால் மூன்றுக்காக முப்பத்திரண்டு பேரும் அடிபடத் தேவையில்லை.

முதல் பாடத்தில் எல்லாரும் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்கள். ஆங்கில எழுத்து தானாக ஓடும். தமிழ் எழுத்தை விளக்கு விளக்காக நாமே வரைய வேண்டும். ப, ட, ம காரருக்கு ஒரு நிமிட வேலை. ‘ஜ’வில் பெயர் தொடங்கும் பிள்ளை அரை மணித்தியாலம் மல்லுக்கட்டிவிட்டு, “ரீச்சர், இதுக்குள்ள எனக்கு இடமில்ல” என்றாள். பிக்சல் என்றால் என்ன என்று அன்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெப்பநிலை வாசிப்பை நம்ப வேண்டாம். அது பார்ப்பது பலகையிலுள்ள சிப்பின் சூட்டை. சூடான கச்சான் காற்றடித்த ஒரு நாள் சுவரிலிருந்த வெப்பமானி 33 காட்ட, இது 37 என்றது.

நான் கொடுத்த காசு செரித்தது மண் ஈரப் பாடத்தில். இரண்டு ஆணியை மண்ணில் குத்தி, கவ்வியால் பலகையோடு இணைத்தால் 0 முதல் 1023 வரை ஒரு எண் வரும். ஈரம் கூடினால் மின் எளிதாய்ப் போகும், எண் ஏறும். மிளகாய்க் கன்றுப் பைகளில் அழகாக வேலை செய்தது. வாவிக்கரையில் வீடுள்ள ஒரு பொடியன் தன் வளவு மண்ணை ஐஸ்கிரீம் பெட்டியில் அள்ளி வந்தான். கையில் எடுத்தால் உதிர்கிறது, எண் மட்டும் நீர் ஊற்றிய பையைவிட மேலே. “இது பொய் சொல்லுது ரீச்சர்.” வகுப்பே பலகை பழுது என்றது. பின்வாங்கிலிருந்து ஒருவன்தான், “அது உவர் மண்ணெல்லாகா” என்றான். நல்ல தண்ணீரில் உப்புக் கரைத்து ஊற்றிப் பார்த்தோம், எண் பாய்ந்து ஏறியது. அவன் கணக்கில் எப்போதும் கடைசி; வயல்காரப் பிள்ளை. இரண்டு கிழமைக்குப் பிறகு நேர்முனையிலிருந்த ஆணி அரித்துப்போய் எல்லா எண்ணும் மாறின. அதை விஞ்ஞான ரீச்சர் மின்பகுப்புப் பாடத்துக்குக் கொண்டுபோய்விட்டார், இன்னும் திரும்பி வரவில்லை.

ஒரு தாய் நேராகவே கேட்டார், “இதால மார்க்ஸ் வருமா ரீச்சர்?” சாதாரண தரப் பரீட்சையில் பஸ்கால் என்ற நிரல் மொழியைத் தாளில் எழுத வேண்டும், இந்தப் பலகைக்கு அங்கே புள்ளியில்லை. ஆனால் மண் ஈர எண் 500க்குக் கீழே போனால் அழுகிற முகம், இல்லாவிட்டால் சிரிக்கிற முகம் என்று வைத்து, அந்த 500ஐ எங்கே வைப்பது என்று சண்டை பிடித்தவர்கள் தவணைப் பரீட்சையில் ‘இஃப் எல்ஸ்’ கேள்வியை விடாமல் எழுதியிருந்தார்கள்.

குறை என்றால், மூடி இல்லாத பலகை. ஈரக்கை, வேர்வை, கிடந்த கம்பித்துண்டு எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டும். நாங்கள் சவர்க்காரப் பெட்டியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறோம். பற்றரி ரிமோட்டுக்குப் போடுகிற சின்ன வகை, இரண்டு வேண்டும், ஊர்க்கடையில் கிடைக்கிறது.

விடுமுறைக்கு ஒரு பலகையைக் கேட்டு வாங்கிப்போனான் அந்த உவர்மண் அள்ளி வந்த பொடியன். ஆணியைக் கழற்றிவிட்டுக் கொண்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.