யூபிகீ 5சி என்எஃப்சி: மூத்த எம்.பி.க்களுக்கு ஒத்துவருமா?

யூபிகீ என்பது இணையக் கணக்கில் நுழைவது நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் சிறிய யுஎஸ்பி சாவி. ஜப்பானின் சைபர் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் யோஷிடாகா சகுராடா, தாம் கணினி பயன்படுத்துவதில்லை என்று 2018இல் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அப்போது வயது 68. யுஎஸ்பி பற்றிய கேள்விக்கும் தடுமாறினார். அவரைப் போன்றவர்களுக்கே இந்தச் சாவி அதிகம் உதவும். போலித் தளத்தை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பதிந்த இணைய முகவரி மாறினால் சாவி பதிலே தராது. 2016இல் ஹிலாரி கிளின்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயில் பறிபோனது போலி கூகுள் எச்சரிக்கையால்தான்.

பேட்டரி கிடையாது. செருகி, பின் (PIN) எண் அடித்து, நடுவிலுள்ள தங்க நிற வட்டைத் தொட்டால் போதும். தொல்லை பின் எண்ணில்தான். 3 முறை தப்பாக அடித்தால் கழற்றிச் செருக வேண்டும். தொடர்ந்து 8 முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். ரீசெட் செய்தால் பதிவுகள் எல்லாம் அழியும். எனவே இரண்டு வாங்கி, இரண்டையும் ஒரே அமர்வில் பதியுங்கள். ஒன்று பீரோவில் இருக்கட்டும்.

பலர் கோட்டை விடுவது எஸ்எம்எஸ் ஓடிபியை மாற்றுவழியாக விட்டுவைப்பதில். உங்கள் எண்ணுக்கு வேறு சிம் வாங்கும் மோசடிக்காரன் அதன் வழியே நுழைவான். உதவியாளரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள், அவர் தம் கணக்கிலிருந்தே உங்கள் அஞ்சலைக் கையாள ஜிமெயிலில் டெலிகேட் அனுமதி இருக்கிறது (தலைவர்கள் கேட்பார்களா என்பது வேறு விஷயம்).

சாவிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முடியாது. 5.7க்கு முந்தைய பதிப்புகளில் 2024இல் பாதுகாப்புக் குறை வெளியானது. பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள்.