ஹிமாலயனில் அம்பும் ஸ்பீக்கரும்: சில மழைக்காலங்கள் ஓடிய பிறகு

பைக்குக்கு அம்பும் (ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கரும் பூட்ட நினைக்கிற நண்பர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். என் ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 இல் பூட்டி, கொழும்பு வெயிலிலும் மழையிலும் கடற்காற்றிலும் ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: வாட்டைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு), அப்புறம் வயரிங், அதற்குப் பிறகு அம்ப்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், இருக்கிற பைக்கையே வடிவாக வைத்துக்கொள்வோம் என்று தொடங்கிய வேலை இது. ஸ்பீக்கரும் அம்பும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். பிராக்கெட், ரிலே, பியூஸ் ஹோல்டர் எல்லாம் பஞ்சிகாவத்தையில். ஸ்பீக்கர்கள் படகுகளுக்குச் செய்யப்படுகிற வகை: 4 அங்குலம், 4 ஓம், பிளாஸ்டிக் கோன், ரப்பர் விளிம்பு. பெட்டியில் பெரிய எழுத்தில் 300 வாட் என்று போட்டிருக்கும். உள்ளே இருக்கிற தாளில் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் அளவு, 40 வாட். இரண்டாவது எண்தான் உண்மையான எண்.

சென்சிட்டிவிட்டியை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அம்பின் வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 88 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 91 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்தால், அம்பை இரட்டிப்பாக்கிய பலன் ஒரு சொட்டு கரண்ட் கூடச் செலவாகாமல் கிடைத்துவிடும்.

கரண்ட் விஷயத்தில் பைக் காரைப் போல இல்லை. ஹிமாலயனின் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது கரண்ட் உண்டாக்குவது) 220 வாட் அளவு, பற்றரி 8 ஆம்பியர்-அவர். அந்த 220 இல் ஹெட்லைட் மட்டும் 55 வாட் தின்கிறது. எஞ்சினுக்கும் மற்ற லைட்டுகளுக்கும் போக மிஞ்சுவது பெரிதாக ஒன்றுமில்லை. அதனால்தான் சேனலுக்கு, அதாவது ஒரு பக்க ஸ்பீக்கருக்கு, 50 வாட் ஆர்எம்எஸ் தருகிற சின்ன கிளாஸ் டி அம்பாக எடுத்தேன். முழுச் சத்தத்தில் இது 9, 10 ஆம்பியர் இழுக்கும்; பழைய கிளாஸ் ஏபி வகை அதே சத்தத்துக்கு 14க்கு மேல் இழுத்து, சீட்டுக்கு அடியில் அடுப்பாகவும் கொதிக்கும். ஹாண்டிலில் ஒரு வோல்ட் மீட்டர் வைத்திருக்கிறேன். ஓடும்போது 14ஐ ஒட்டி நிற்கிற முள், பொரளைச் சந்தியில் பச்சை விழக் காத்து நிற்கும்போது 13க்குக் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த இடங்களில் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கும் பழக்கம் அறவே இல்லை.

வயரிங்தான் நான் அதிகம் மினக்கெட்ட இடம். பற்றரி பிளஸிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் பியூஸ். அதைத் தாண்டி எங்கே வயர் உரஞ்சிச் சேஸியில் பட்டாலும் பியூஸ் போகும், பைக் எரியாது. அம்பை ஓன் செய்கிற ரிமோட் வயரை ரிலே வழியாகச் சாவியோடு இணைத்திருக்கிறேன். சாவியை எடுத்தால் எல்லாம் செத்துவிடும். வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி கொஞ்சம் விலை கூட, ஆனாலும் கடற்காற்று அரிக்கிற கொழும்பில் வேறு எதையும் வாங்காதீர்கள்.

பூட்டிய புதிதில் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறுகிற ஒரு ஊளைச் சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. திரொட்டிலைத் திருகினால் ஏறும், விட்டால் இறங்கும். கொட்டாஞ்சேனையில் வயரிங் செய்கிற அண்ணை ஒருவர் கேட்ட உடனேயே சீட்டைக் கழற்றச் சொன்னார். அம்பின் எர்த் (மைனஸ் வயர்) சேஸியின் போல்ட் ஒன்றில், பெயின்ட் மேல் இருந்தது. "தம்பி, சேஸி எர்த்தை நம்பாதேங்கோ. பற்றரி மைனஸுக்கே நேரா இழுங்கோ" என்றார். புளூடூத் ரிசீவரின் எர்த்தையும் அதே இடத்துக்குக் கொண்டு போனதும் ஊளை அடங்கிவிட்டது, பிறகு திரும்பி வரவே இல்லை.

ஸ்பீக்கர்கள் இருப்பது டாங்கின் இரு பக்கமும் உள்ள கம்பி ராக்கில், முகம் என் நெஞ்சைப் பார்த்தபடி. ஒற்றை சிலிண்டர் அதிர்வுக்குச் சாதாரண நட்டு நிற்காது. நைலோன் நட்டும் ரப்பர் வாஷரும் போட்டிருக்கிறேன்.

சத்தம் எப்படி? காலி வீதியில், 40, 50 வேகத்தில், வெள்ளவத்தை தாண்டிப் போகும்போது அருமை. பாட்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. புத்தளம் வீதியில் 70 வரை இன்பமாகக் கேட்கலாம். அதற்கு மேல் காற்று ஜெயித்துவிடும். ஹெல்மெட்டுக்குள் காற்று போடுகிற இரைச்சல் பெரும்பாலும் 500 ஹேர்ட்ஸுக்குக் கீழே, அதாவது பேஸ் இருக்கிற அதே இடத்தில். அதனால் அம்பின் ஹை-பாஸை (கீழ் ஒலிகளைத் தடுக்கிற வடிகட்டி) 120 ஹேர்ட்ஸில் வைத்து பேஸை வெட்டிவிட்டேன். சின்ன கோன் வீணாகத் துள்ளாமல், இருக்கிற வாட் எல்லாம் குரலுக்குப் போகிறது. காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2 முதல் 5 கிலோஹேர்ட்ஸ் வரை. நாதஸ்வரம் காற்றைக் கிழித்துக்கொண்டு வருவதற்கும் மிருதங்கத்தின் தொப்பி (பேஸ் தருகிற பக்கம்) காணாமல் போவதற்கும் காரணம் இதுதான். மென்மையான இயர் பிளக் போட்டுப் பாருங்கள்: காற்று அடங்கி, பாட்டு இன்னும் தெளிவாகும். காதுக்கும் நல்லது.

தென்மேல் பருவமழையை ஸ்பீக்கர்கள் தாங்கிவிட்டன. கூட்டின் அடியில் ஒரு சின்னத் துளை போட்டிருப்பதால் தண்ணீர் நிற்பதில்லை. தாங்காதது அம்புக்குப் பாட்டைக் கொண்டு வருகிற ஆர்சிஏ இணைப்புகள். நான் இருப்பது கடலோரம். முதல் வருடமே அவற்றில் பச்சை பூத்து, இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்டது. புதிதாக மாற்றி, ஈரம் புகாமல் தடுக்கிற டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசிய பிறகு தொல்லை இல்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சீட்டைக் கழற்றி இணைப்புகளைத் துடைத்துப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரி, பாடசாலை, கோயில் பக்கம் வந்தால் மியூட். புத்தளத்திலிருந்து அநுராதபுரம் போகிற காட்டு வீதியில் இருட்டிவிட்டால் முழுதாக ஓஃப், ஏனென்றால் யானை நிற்கிறதா என்பதைக் காதும் சொல்ல வேண்டும்.

அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லாத இந்த நாட்டில், என்னைப் போல ஏ9 வீதியில் ஆறுதலாக யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு தாராளமாகப் போதும். 80க்கு மேலேயே ஓடுகிறவர் என்றால் இந்தக் காசுக்கு நல்ல ஹெல்மெட் இன்டர்கொம் வாங்குங்கள். வயரும் வேண்டாம், பைக் பற்றரிக் கவலையும் இல்லை.